பேரன் கேட்கும் எஸ்எஸ்டி: எவ்வளவு கொடுக்கலாம்?



நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்கும் பொருள் காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஒரு காலத்தில் சைக்கிள். பிறகு செல்போன், பிறகு பைக். இப்போது பெரம்பலூரிலும் அரியலூரிலும் நான் அடிக்கடி கேள்விப்படுவது 'கேமிங் பிசி'. விலை அறுபதாயிரம், எழுபதாயிரம் என்கிறார்கள். பையன் கையில் ஒரு கொட்டேஷன் தாள் இருக்கும். அதில் பத்து வரி இருந்தால் நமக்குப் புரிவது 'கீபோர்டு, மவுஸ்' என்ற ஒரு வரிதான்.

புரியாத இடத்தில் நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "இதெல்லாம் தண்டச் செலவு, படிக்கிற வேலையைப் பார்" என்று தாளை மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அல்லது, "பையன் ஆசைப்படுகிறான், இருப்பதிலேயே நல்லதாகப் போட்டுக் கொடுங்கள்" என்று கடைக்காரரிடம் பணத்தை நீட்டிவிடுவார்கள். இரண்டும் சரியில்லை என்பது என் கருத்து. கேம் ஆடலாமா கூடாதா என்பது வீட்டுக்கு வீடு பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். வாங்குவது என்று முடிவாகிவிட்டால், பென்ஷன் பணம் எந்த வரிக்குப் போகிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இன்று அந்தத் தாளில் உள்ள ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: எஸ்எஸ்டி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டி கட்டாயம் வேண்டும், விலை உயர்ந்த எஸ்எஸ்டி வேண்டாம். இடத்துக்கும் ஆயுளுக்கும் பணம் கொடுங்கள், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்குக் கொடுக்காதீர்கள். மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

எஸ்எஸ்டி என்பது கம்ப்யூட்டரின் சரக்கறை. விண்டோஸ், கேம், போட்டோ எல்லாம் கரண்ட் போனாலும் அழியாமல் இருக்கும் இடம். முன்பு இந்த வேலையை ஹார்ட் டிஸ்க் செய்தது. அதற்குள் தட்டுகள் சுழலும், கிராமபோன் முள் மாதிரி ஒரு கை நகர்ந்து படிக்கும். 1956-ல் ஐபிஎம் கம்பெனி கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். அத்தனை பெரிய யந்திரத்துக்குள் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குச் சரியாக இருக்கும்.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. எல்லாம் சில்லுகள். ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் மெமரிதான் இதற்கு மூலம். பென் டிரைவில் இருப்பதும் அதே வகைதான்.

வித்தியாசம் எங்கே வருகிறது? நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் சின்னச் சின்னத் தகவல்களை வினாடிக்கு நூறு சொச்சம் தடவைதான் எடுத்துத் தர முடியும். கை நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். சாதாரண எஸ்எஸ்டி இதையே பல்லாயிரம் தடவை செய்யும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் கம்ப்யூட்டர் புதிதாகப் பிறந்தது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் ஒரு உதாரணம் சொல்வேன். ரெக்கார்டு ரூமில் கட்டுக் கட்டாக ஃபைல். அதிகாரி ஒரு ஃபைல் கேட்டால், ரெக்கார்டு கிளார்க் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, கட்டை அவிழ்த்து எடுத்து வர அரைமணி ஆகும். அதுதான் ஹார்ட் டிஸ்க். எந்த ஃபைல் எங்கே என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கிளார்க் அரை நிமிஷத்தில் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறார் என்று வையுங்கள். அதுதான் எஸ்எஸ்டி. ஆனால் மேஜைக்கு வந்த ஃபைலைப் படித்து, குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட வேண்டியவர் அதிகாரி. கிளார்க் அரை நிமிஷத்தில் கொண்டுவந்தாலும் கால் நிமிஷத்தில் கொண்டுவந்தாலும் அதிகாரியின் வேகம் மாறாது.

கேமில் அந்த அதிகாரி கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும். ஆட்டம் தடங்காமல் ஓடுவதும், படம் தெளிவாக இருப்பதும் அவர்கள் கையில். எஸ்எஸ்டியால் குறைவது முக்கியமாக ஆட்டம் திறக்கும் வரை காத்திருக்கும் நேரம்.

அந்தக் காத்திருப்புக்குக்கூட டிஸ்க்தான் எப்போதும் காரணம் என்று சொல்ல முடியாது. ஜிடிஏ ஆன்லைன் என்ற பிரபலமான ஆட்டம் திறக்கவே ஐந்தாறு நிமிஷம் பிடிக்கிறது என்று உலகம் முழுக்கப் பையன்கள் வருஷக்கணக்கில் புலம்பினார்கள். 2021-ல் வெளியாள் ஒருவர் அந்த மென்பொருளை நோண்டிப் பார்த்தார். சுமார் 10 எம்பி அளவுள்ள ஒரு பொருட்பட்டியலை ஆட்டம் மிக மோசமான முறையில் வாசித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் அதைச் சரிசெய்து பார்த்தபோது, அவருடைய கம்ப்யூட்டரில் ஆறு நிமிஷம் இரண்டு நிமிஷத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆட்டத்தைத் தயாரித்த ராக்ஸ்டார் கம்பெனி அதை ஒப்புக்கொண்டு, மென்பொருளைத் திருத்தி, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. எவ்வளவு விலை கொடுத்து எஸ்எஸ்டி வாங்கியிருந்தாலும் அந்தத் தாமதம் தீர்ந்திருக்காது.

இனி கொட்டேஷனுக்கு வருவோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் கொண்டுவந்த தாளில், மொத்தத் தொகையில் ஏறக்குறைய கால் பங்கு எஸ்எஸ்டிக்கே போயிருந்தது.

"தாத்தா, இது ஜென் 5. ஒரு செகண்டுக்குப் பதினாலாயிரம் எம்பி படிக்கும்" என்றான்.

"சரிப்பா, மதர்போர்டு என்ன போட்டிருக்கு?"

"ஏ520."

"அந்த போர்டு எந்த ஜென் வரைக்கும் தாங்கும்னு பார்த்தியா?"

செல்போனை எடுத்துத் தேடினான். ஜென் 3 வரைதான். அதாவது வினாடிக்குச் சுமார் 3500 எம்பிக்கு மேல் அந்தப் பாதையில் போகவே முடியாது. அரியலூர் ஸ்டேஷனில் நின்று பார்ப்பவர்களுக்கு இது தெரியும். எவ்வளவு வேகமான ரயிலாக இருந்தாலும் அந்தத் தண்டவாளத்துக்கு அனுமதித்த வேகத்தில்தான் போகும். டிக்கெட் பணம் மட்டும் வேகமான ரயிலுக்கு உரியது!

இந்த வேகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 200 எம்பி. பழைய கம்ப்யூட்டரிலும் மாட்டக்கூடிய, தீப்பெட்டியை விடப் பெரிதான, தட்டையான சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி. போர்டின் மேலேயே ஒரு ஸ்குரூ போட்டு மாட்டும், சூயிங்கம் பட்டை அளவுள்ள என்விஎம்இ வகையில் ஜென் 3 என்றால் 3500, ஜென் 4 என்றால் 7000 வரை, ஜென் 5 என்றால் 14,000 எம்பி வரை. காகிதத்தில் ஒவ்வொரு ஜெனும் முந்தைய ஜெனைப் போல இரண்டு மடங்கு. ஆனால் இவை ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ந்து படிக்கும்போது கிடைக்கும் வேகம். கேம் அப்படிப் படிப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறினால் காத்திருப்பு பாதிக்கும் கீழே குறையும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் பெரும்பாலான ஆட்டங்களில் சில வினாடிதான் மிச்சம். ஜென் 3-க்கும் ஜென் 5-க்கும் உள்ள வித்தியாசம் ஆடுகிறவனுக்கே தெரியாது.

பையன்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். புது ஆட்டங்கள் எஸ்எஸ்டியை நம்பியே எழுதப்படுகின்றன. 2023-ல் வந்த ஸ்டார்ஃபீல்டு என்ற ஆட்டத்துக்கு எஸ்எஸ்டி இருந்தே ஆக வேண்டும், இடமும் 125 ஜிபி வேண்டும் என்று தயாரிப்பாளர்களே போட்டிருந்தார்கள். டைரக்ட் ஸ்டோரேஜ் என்ற புது முறையும் அதே ஆண்டு வந்த ஃபோர்ஸ்போக்கன் ஆட்டத்தில் தொடங்கிவிட்டது. எனவே நாளைக்கு அதிக வேகம் தேவைப்படலாம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எஸ்எஸ்டி என்பது ஒரே ஸ்குரூவில் கழற்றி மாற்றக்கூடிய பொருள். நாளைக்குத் தேவைப்படுவதை நாளைக்கு வாங்கலாம். இன்றைக்கே ஆட்டம் தடங்கினால், அதற்கு எஸ்எஸ்டியால் பரிகாரம் இல்லை.

சரி, வேகம் முக்கியமில்லை என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, இடம். விண்டோஸ் 11-க்கு மட்டுமே குறைந்தது 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. இன்றைய பெரிய ஆட்டம் ஒவ்வொன்றும் நூறு ஜிபியைத் தொடுகிறது. 256 ஜிபி வாங்கினால் இரண்டாவது ஆட்டம் போடும்போதே பையன் மறுபடி வந்து நிற்பான். முடிந்தால் 1 டிபி வாங்குங்கள். முடியாவிட்டால் 500 ஜிபி வாங்கிக்கொண்டு, வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதையும் கூடவே மாட்டிக்கொள்ளலாம். சினிமாவும் பழைய ஆட்டமும் அதில் கிடக்கட்டும். இன்னொரு விஷயம்: 500 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 465 என்றும், 1 டிபி வாங்கினால் 931 என்றும்தான் காட்டும். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, ஆயுள். எஸ்எஸ்டியில் எழுதி எழுதித்தான் தேயும், படிப்பதால் தேயாது. எவ்வளவு எழுதும் வரை வாரண்டி என்பதை 'டிபிடபிள்யூ' என்ற கணக்கில் கம்பெனியே போட்டிருக்கும். சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு 600. டபிள்யூடி ப்ளூ எஸ்என்580 1 டிபிக்கும் 600. க்ரூஷியல் பி3 1 டிபிக்கு 220. எல்லாம் 1 டிபிதான், ஆனால் எண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. காரணம் உள்ளே இருக்கும் சில்லு. முதல் இரண்டில் ஒரு அறைக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை, மூன்றாவதில் நான்கு பிட் திணிக்கும் க்யூஎல்சி வகை. அறைக்குள் ஆள் கூடக் கூடச் சுவர் சீக்கிரம் பழுதாகும்.

இதைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம். தினமும் 50 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்குச் சுமார் 18 டிபிதான் ஆகும். 220 என்பது 12 வருஷத்துக்கு வரும், 600 என்பது 32 வருஷத்துக்கு. பேரன் அதற்குள் தன் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பான். ஆனாலும் க்யூஎல்சி வகை நிறைய நிறைய எழுதும் வேகம் நன்றாகவே குறையும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் டிஎல்சியும் ஐந்து வருஷ வாரண்டியும் உள்ளதை எடுங்கள்.

மூன்றாவது, நம் ஊர் வெயிலும் கரண்டும். சித்திரையில் மாடி அறைக்குள் உட்கார முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜென் 5 வகை வேலை செய்யும்போது நிறையச் சூடாகும், தலையில் கனமான அலுமினியக் கவசம் இல்லாவிட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் இப்படியும் போகும். சாதாரண ஜென் 3, ஜென் 4-க்கு மெல்லிய தகடே போதும். அதோடு, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்எஸ்டியில் தகவல் கெட வாய்ப்பு உண்டு. வேகமான எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடலாம். என்னைக் கேட்டால் அது நல்ல செலவு.

நான்காவது, பில். கொட்டேஷனில் வெறுமனே '512 ஜிபி எஸ்எஸ்டி' என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி பெயரும் மாடல் பெயரும் எழுதச் சொல்லுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில், அதில் சீரியல் நம்பர் இரண்டும் வேண்டும். ரிப்பேர் என்றால் திருச்சியா, சென்னையா, கூரியரில் அனுப்ப வேண்டுமா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். நம்ப முடியாத விலைக்கு 8 டிபி, 16 டிபி என்று ஆன்லைனில் வருவது போலி. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மெமரி கார்டை ஒட்டி வைத்திருப்பார்கள். வாங்கிய அன்றே 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், அந்த எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதுச் சரக்கு என்று சொல்லிக் கொடுத்ததில் ஆயிரம் மணி நேரம் காட்டினால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விலையைப் பற்றி. 2025 நடுவில் ஏறத்தாழ ஐயாயிரம், ஆறாயிரத்துக்குக் கிடைத்த சாதாரண 1 டிபி என்விஎம்இ அந்த ஆண்டு முடிவிலிருந்து ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொள்வதுதான் காரணம். மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பர் 3-ல் அறிவித்தது. 2026 பிப்ரவரி வரை சப்ளை, விற்றதற்கு வாரண்டி தொடரும் என்றார்கள். சின்ன வெங்காயம் விலை ஏறும்போது நம் வீட்டில் என்ன செய்வோம்? வாங்காமல் இருக்க முடியாது, மூட்டையாகவும் வாங்க மாட்டோம், தேவைக்கு வாங்குவோம். இங்கேயும் அதேதான். இப்போதைக்கு 500 ஜிபி, விலை இறங்கினால் இன்னொன்று. போர்டில் இரண்டாவது எஸ்எஸ்டி மாட்ட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமிங் பிசி வாங்கும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை. அவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப், நம் இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கிறது. "ஆன் பண்ணினால் அஞ்சு நிமிஷம் ஆகுது" என்று ஒதுக்கி வைத்தவை. அவற்றின் மந்தத்துக்குப் பெரிய காரணம் உள்ளே இருக்கும் சுழலும் டிஸ்க். அதைக் கழற்றி ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி மாட்டினால், பெரிய ஆட்டம் ஓடாவிட்டாலும் படிக்கவும் எழுதவும் பயன்படும். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் 256 ஜிபி எஸ்எஸ்டிதான் இருக்கிறது. அரசாங்கமே மாறிவிட்ட பிறகு பரணில் இருப்பதை நாமும் மாற்றலாம்.

கடைசியாக, இது நமக்கானது. வீட்டுக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வந்துவிட்டால், கல்யாண ஆல்பம், இறந்துபோனவர்களின் போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன் எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றுவோம். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரம் சத்தமில்லாமல் ஒரு நாள் காலையில் நின்றுவிடும். உள்ளே இருந்ததை மீட்பதும் கடினம், செலவும் அதிகம். வருஷக்கணக்கில் கரண்டே கொடுக்காமல் பீரோவில் பூட்டி வைத்தாலும் தகவல் மெல்ல அழியலாம். கேம் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அம்மாவின் போட்டோ போனால் எங்கே போய் இறக்குவது? அதனால் முக்கியமானவற்றுக்கு ஒரு தனி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியும், மகனோ மகளோ இருக்கும் வேறு வீட்டில் இன்னொரு பிரதியும் கட்டாயம் இருக்கட்டும்.

அந்தக் கொட்டேஷனை நானும் பேரனும் உட்கார்ந்து திருத்தினோம். ஜென் 5 போய், ஜென் 4-ல் சாதாரணமான ஒரு 1 டிபி டிஎல்சி வந்தது. அது ஏ520 போர்டில் ஜென் 3 வேகத்தில்தான் ஓடும், ஆனால் விலையும் அதற்கேற்ற விலைதான். மிச்சமான பணத்தில் கிராபிக்ஸ் கார்டு ஒரு படி மேலே போனது. மொத்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு தாள் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: போர்டு எந்த ஜென் வரை தாங்கும்? எத்தனை டிபிடபிள்யூ, எத்தனை வருஷம் வாரண்டி? இதில் குறைத்தால் கிராபிக்ஸ் கார்டில் எவ்வளவு கூட்டலாம்? பதில் தெரிந்த பையன் என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். தெரியாவிட்டால் ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, தேடிப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.